145-னு எழுதிட்டா 145 ஆயிடுமா?

இந்த வார விஷயம் ரொம்பச் சின்னது. ஆட்டோகேடில் ஒரு அளவின் மேல் டபுள் கிளிக் செய்தால் என்ன திறக்க வேண்டும்? இதுக்கு ஒரு முழு எபிசோடா என்று கேட்பீர்கள். கோயமுத்தூரில் லேசர் கட்டிங் கடைக்கோ வயர்கட் கடைக்கோ டிராயிங் அனுப்பிப் பழகியவர்கள் கேட்க மாட்டார்கள்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். மோனோபிளாக் பம்புக்கு ஒரு பேஸ் பிளேட். 8 மி.மீ. எம்.எஸ். தகடு, நான்கு போல்ட் ஓட்டைகள். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடையே 140 மி.மீ. இப்போது மோட்டார் மாறுகிறது, அந்த இடைவெளி 145 ஆக வேண்டும். டிராயிங்கைத் திறந்து 140 என்ற எண்ணின் மேல் டபுள் கிளிக் செய்கிறோம். எழுத்துப் பெட்டி திறக்கிறது. 145 என்று அடித்து வெளியே வந்தாச்சு. பிரிண்ட் எடுத்தால் 145. பி.டி.எஃப்.பில் 145. சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் கண்ணுக்கும் 145. ஆனால் ஓட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. லேசர் கடைக்குப் போவது டி.எக்ஸ்.எஃப். ஃபைல். அங்கே வெட்டுகிற மெஷின் எண்ணைப் படிப்பதில்லை, கோட்டைத்தான் படிக்கும். 20 பிளேட்டுக்கு ஆர்டர் போட்டிருந்தால் 20-ம் 140-ல் வெட்டி வரும்.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ஒன்று உண்டு. அந்த ஆள் செய்த அதே வேலையை 40 வருஷம் முன்னால் பேப்பரில் செய்திருந்தால், அது கிட்டத்தட்ட சரியான முறை! எப்படி என்று பார்ப்போம்.

கொங்கு நாட்டுப் பட்டறைத் தொழில் எப்படி வளர்ந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். 1888-ல் ஸ்டேன்ஸ் மில், 1930களில் பைக்காரா மின்சாரம், அதையொட்டி மில்கள், கிணற்றுக்கு மின்சார மோட்டார், பம்ப்செட். 1951-ல் பி.எஸ்.ஜி. டெக், 1956-ல் சி.ஐ.டி. 1969-ல் சிறுதொழில்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த கொடிசியா. இந்தக் கதையில் நமக்கு இன்னைக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான்: இங்கே ஒரு பம்ப் ஒரே கூரைக்குக் கீழே பிறப்பதில்லை. பேட்டர்ன் ஒருத்தர் செய்வார், வார்ப்படம் இன்னொருத்தர் ஊற்றுவார், லேத் வேலை மூணாவது இடத்தில், கோட்டிங் வேறெங்கோ. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று பொருள் ஊரையே சுற்றி வரும். இத்தனை பேருக்கும் நடுவில் பேசுகிற ஒரே பொதுமொழி டிராயிங். அதில் 145 என்று இருந்தால் அது வாக்கு.

அந்த வாக்கு எதில் இருந்தது என்பதுதான் கேள்வி. கோட்டிலா, எண்ணிலா?

பேப்பர் காலத்தில் சந்தேகமே இல்லை, எண்ணில். டிராயிங் போர்டு, மினி டிராஃப்டர், டிரேசிங் பேப்பர், ராட்ரிங் பேனா. டிரேசிங்கிலிருந்து அம்மோனியா பிரிண்ட் எடுத்துப் பட்டறைக்கு அனுப்புவார்கள். பேப்பர் ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும், பிரிண்ட் எடுக்கும்போதே கொஞ்சம் இழுபடும். அதனால் டிராயிங் மேல் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது, எழுதியிருக்கிற அளவை மட்டும் நம்பணும் என்பது சட்டம். டைட்டில் பிளாக்கில் அதைத் தனியாக ஒரு வரியாகவே போட்டிருப்பார்கள். கோடு என்பது படம், அவ்வளவுதான். எண்தான் உத்தரவு.

அளவு மாறினால்? முழு டிரேசிங்கையும் திரும்ப வரைய யாருக்கும் நேரமில்லை. பிளேடை எடுத்துப் பழைய எண்ணைச் சுரண்டி, புது எண்ணை எழுதி, ரிவிஷன் கட்டத்தில் குறித்துவிடுவார்கள். கோடு பழைய நீளத்திலேயே நிற்கும். ஆனால் அதற்கு ஒரு நேர்மையான வழக்கம் இருந்தது: கோட்டோடு பொருந்தாத அளவுக்குக் கீழே ஒரு தடித்த அடிக்கோடு. 'இந்த எண் உண்மை, இந்தப் படம் ஸ்கேலில் இல்லை' என்று அதற்கு அர்த்தம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1988-ல் பள்ளி, கல்லூரிகளுக்காக வெளியிட்ட எஸ்.பி. 46 புத்தகத்தைப் பின்பற்றிப் படித்தவர்களுக்கு இந்த அடிக்கோடு தெரிந்திருக்கும். நாங்கள் முதல் செமஸ்டரில் மினி டிராஃப்டரை டவுன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய்ப் படித்ததும் இந்த மரபைத்தான். அந்த அடிக்கோடு தேர்வுக்குத் தவிர வேறெதுக்கு என்று அப்போது யாரும் யோசித்ததில்லை.

சரி, இனி கம்ப்யூட்டர். 1982-ல் ஜான் வாக்கரும் இன்னும் பல புரோகிராமர்களும் சேர்ந்து கலிஃபோர்னியாவில் ஆட்டோடெஸ்க் தொடங்கினார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே ஆட்டோகேட் விற்பனைக்கு வந்தது. பெரிய கம்பெனிகள் மட்டும் வாங்க முடிந்த கேட் வசதி மேஜைக் கம்ப்யூட்டருக்கு இறங்கியது. முதல் பதிப்போடேயே டி.எக்ஸ்.எஃப். என்ற ஃபைல் வடிவமும் வந்தது. வேறு சாஃப்ட்வேரும் படிக்கட்டும் என்று எழுத்து வடிவில் எழுதப்பட்ட ஃபைல் அது. இன்னைக்கு நம்ம ஊரில் 'டி.எக்ஸ்.எஃப். இருக்குங்களா?' என்று கேட்கிறார்களே, அதே சங்கதிதான்.

ஆட்டோகேட் வந்ததும் அளவு என்பதன் குணமே மாறிவிட்டது. நீங்கள் எண்ணை எழுதுவதில்லை. இரண்டு புள்ளிகளைக் காட்டுகிறீர்கள், அது தானே அளந்து எண்ணைப் போடுகிறது. கோட்டை நீட்டினால் எண்ணும் கூடவே மாறும். அதாவது உண்மை எண்ணிலிருந்து கோட்டுக்குக் குடி மாறிவிட்டது. ஆனால் டிராஃப்ட்ஸ்மேன்களின் பழைய பழக்கத்தையும் விட்டுவிட முடியாதே. அதனால், அளந்த எண்ணுக்குப் பதிலாக நாமே ஒன்றை எழுதிவிடவும் ஒரு வழி வைத்தார்கள். அளந்த எண் இருக்க வேண்டிய இடத்தைக் குறிக்க <> என்று ஒரு அடையாளம். அது இருக்கிறவரை அளவுக்கு உயிர் இருக்கும். அதை அழித்து 145 என்று அடித்தால் அந்த அளவு செத்துப்போய் வெறும் எழுத்தாகிவிடும். பிளேடால் சுரண்டிய அதே காரியம். ஒரே வித்தியாசம், அடிக்கோடு தானாக வராது.

இது முன்பும் முடிந்ததுதான். ஆனால் அதற்குக் கமாண்டு அடிக்கணும், தெரிந்து செய்யணும். டபுள் கிளிக் வந்த பிறகு தெரியாமலே செய்யலாம் என்று ஆகிவிட்டது.

டபுள் கிளிக்கின் பூர்வீகம் 1970களின் ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக்கூடம். லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சி என்ற எடிட்டரைச் செய்த இடம். 1983-ல் ஆப்பிள் லிசா, 1984-ல் மேக்கின்டாஷ் வந்தபோது மவுஸில் ஒரே பட்டன்தான். ஒரு கிளிக் 'இதைத் தேர்ந்தெடு', இரண்டு கிளிக் 'இதைத் திற' என்று ஆனது. டெஸ்லருக்கு ஒரு கொள்கை உண்டு: ஒரே அசைவு இடத்துக்கு இடம் வேறு வேறு வேலை செய்யக் கூடாது. காரின் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று போட்டுக்கொண்டு திரிந்த மனுஷன்.

ஆட்டோகேட் அவருடைய கொள்கைக்கு நேர் எதிர். அது கமாண்டு லைனில் பிறந்தது. டாஸ் காலத்தில் டிஜிடைசர் பலகை, அதன் மேல் கட்டம் கட்டமாக அச்சிட்ட மெனு, கையில் பல பட்டன் வைத்த பக். எந்தப் பட்டன் என்ன செய்யணும் என்பது மெனு ஃபைல் என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருந்தது. யார் வேண்டுமானாலும் திறந்து மாற்றலாம். 1986-ல் ஆட்டோலிஸ்ப்பும் வந்து சேர்ந்தது. இப்படித் திறந்து போட்டதுதான் ஆட்டோகேடின் பெரிய பலம் என்பது என் கட்சி. பம்ப் கம்பெனிக்கு ஒரு மெனு, மில் மெஷின் செய்கிறவருக்கு ஒரு மெனு என்று அவரவர் தொழிலுக்குத் தைத்துக்கொள்ள முடிந்தது.

2000-ஐ ஒட்டி டபுள் கிளிக் எடிட்டிங் உள்ளே வந்தது. 2006 பதிப்பில் பழைய மெனு ஃபைல் போய் சி.யு.ஐ. என்ற கஸ்டமைசேஷன் எடிட்டர் வந்தது. பிறகு டபுள் கிளிக்குக்கும் அதில் தனிப் பட்டியலே உண்டு. எழுத்தின் மேல் செய்தால் எழுத்து எடிட்டர். ஹேச் மேல் செய்தால் ஹேச் எடிட். சாதாரண பிளாக் என்றால் பிளாக் எடிட்டர், ஆட்ரிபியூட் வைத்த டைட்டில் பிளாக் என்றால் அதை நிரப்பும் பெட்டி. ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு பதில். அந்தப் பதிலை யாரோ முன்கூட்டியே தீர்மானித்து அனுப்புகிறார்கள்.

அளவுக்கு என்ன பதில்? ஒரு காலத்தில் டபுள் கிளிக் செய்தால் பிராப்பர்ட்டீஸ் பலகை திறந்தது. பிந்தைய பதிப்புகளில் நேராக எழுத்தை மாற்றும் பெட்டி. நியாயமாகச் சொல்லணும் என்றால், அதற்கும் காரணம் இருக்கிறது. '4 ஓட்டைகள்' என்று பக்கத்தில் சேர்க்க, டாலரன்ஸ் எழுத, கட்டட டிராயிங்கில் ஒரு குறிப்புப் போட, இதுதான் வேகம். <> அடையாளத்தைத் தொடாமல் முன்னும் பின்னும் எழுதினால் ஒரு ஆபத்தும் இல்லை. சென்னையில் பிளான் போடுகிற ஆர்க்கிடெக்டுக்கு இது வசதி. டி.எக்ஸ்.எஃப்.பை மெஷினுக்கு அனுப்புகிற கோயமுத்தூர்க்காரருக்கு இது பொறி.

பொறி இன்னும் ஆழமானது. இன்றைய மெக்கானிக்கல் பிள்ளைகள் பலருக்குக் கை பழகுவது சாலிட்வொர்க்ஸிலும் கிரியோவிலும்தான். கிரியோவின் மூதாதை ப்ரோ-இ 1988-லும் சாலிட்வொர்க்ஸ் 1995-லும் வந்தவை. அங்கே அளவுதான் ராஜா. அளவின் மேல் டபுள் கிளிக் செய்து 145 என்று அடித்தால் மாடலே 145-க்கு மாறும். ஓட்டை நிஜமாகவே நகரும். அதே பையன் வேலைக்குச் சேர்ந்து, அங்கே இருக்கிற ஆட்டோகேடில் அதே இரண்டு கிளிக், அதே 145. இங்கே நகர்வது எழுத்து மட்டும். திரையில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம் சொல்லுங்க?

திருத்துவது சுலபம். கமாண்டு லைனில் சி.யு.ஐ. என்று அடித்தால் எடிட்டர் திறக்கும். அதில் டபுள் கிளிக் ஆக்‌ஷன்ஸ் பட்டியலை விரித்தால் டைமென்ஷனுக்கு ஒரு வரி இருக்கும். கீழே கமாண்டு பட்டியலிலிருந்து பிராப்பர்ட்டீஸை இழுத்து அதன் மேல் விட்டு, பழையதை எடுத்துவிட வேண்டியதுதான். மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பிக்ஃபர்ஸ்ட் மதிப்பு 1 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். அது 0 என்றால் டபுள் கிளிக் வேலையே செய்யாது.

பிராப்பர்ட்டீஸ் ஏன்? அந்தப் பலகையில் இரண்டு வரிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும். ஒன்று, சாஃப்ட்வேர் அளந்த அளவு, அதை உங்களால் மாற்ற முடியாது. இன்னொன்று, நீங்கள் மேலே எழுதிய எழுத்து. 140-ம் 145-ம் ஒரே பார்வையில் தெரியும். அங்கேயும் பொய் எழுதலாம், தடை இல்லை. ஆனால் உண்மை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதணும். பேப்பரில் அடிக்கோடு செய்த வேலையைக் கிட்டத்தட்ட இது செய்கிறது.

இதில் காசுக் கணக்கும் உண்டு. சின்னப் பட்டறைகள் பல வாங்கியது விலை குறைந்த எல்.டி. பதிப்பு. அதில் ஆட்டோலிஸ்ப் கிடையாது. 2024 பதிப்பில்தான் வந்தது. ஆக, புரோகிராம் எழுதிச் சோதிக்க வழியில்லாத இடங்களில் மெனு மேக்ரோவும் இந்த டபுள் கிளிக் பட்டியலும்தான் கைவசம் இருந்த ஆயுதம். பெரிய இடங்களில் எண்டர்பிரைஸ் கஸ்டமைசேஷன் ஃபைல் என்று ஒன்றை சர்வரில் வைத்து எல்லா மெஷினுக்கும் ஒரே பதிலைக் கொடுக்கலாம். சின்ன இடத்தில் அது ஒருத்தருடைய கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால், விண்டோஸை ஒருமுறை திரும்பப் போட்டால், பழைய பதில் திரும்பி வந்துவிடும். 2016-ல் ஆட்டோடெஸ்க் புதிதாக நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்தி சந்தாவுக்குப் போனபோது, வேறு கேட் சாஃப்ட்வேருக்கு மாறலாமா என்று கணக்குப் போட்டவர்களுக்கும் இதே தலைவலி. டிராயிங் எல்லாம் பத்திரமாக வந்து சேரும், கை பழகிய டபுள் கிளிக் வந்து சேருமா என்பதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை.

கடைசியாக, நம்ம கோடு எழுதுகிற கூட்டத்துக்கு ஒன்று. ஒரு டி.எக்ஸ்.எஃப். ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு அளவுக்கும் கீழே எண் குறிகளோடு வரிசையாக விவரங்கள் இருக்கும். குறி 1-ன் கீழே மனுஷன் எழுதிய எழுத்து. குறி 42-ன் கீழே சாஃப்ட்வேர் அளந்த நிஜ அளவு. பொதுவாக இரண்டும் ஒரே ஃபைலில் சில வரி இடைவெளியில் கிடக்கும். ஈசிடிஎக்ஸ்எஃப் என்ற பைத்தான் லைப்ரரியை வைத்து, குறி 1-ல் <> இல்லாமல் எண் மட்டும் இருக்கிற அளவுகளைத் தேடி 42-ஓடு ஒப்பிட 20 வரி போதும். பழைய டிராயிங் ஃபோல்டர் ஒன்றின் மேல் இதை ஓட விடுங்கள். எந்தெந்த பிளேட் வெட்டுவதற்கு முன்னால் ஓட்டையை நகர்த்த வேண்டும் என்று லிஸ்ட் வந்துவிடும்.