செல்பேசி எண்ணே அடையாளமா? தொலைத்தொடர்பு நிறுவனங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

புது தில்லி: வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், சமூக ஊடகம், அரசுச் சேவை என எதில் நுழைவதாக இருந்தாலும் முதலில் கேட்கப்படுவது செல்பேசி எண்தான். அந்த எண்ணுக்கு வரும் 'ஓடிபி' எனப்படும் ஒருமுறை கடவுச்சொல்லை உள்ளிடுபவரே கணக்கின் உரிமையாளராகக் கருதப்படுகிறார். இதனால், அழைப்புச் சேவை வழங்கத் தொடங்கப்பட்ட தொலைத்தொடர்பு நிறுவனங்கள், மக்களின் இணைய அடையாளத்துக்கும் காவலர்களாக மாறியுள்ளன.

நிறுவனங்களின் பலம் என்ன?

சிம் அட்டையில் உள்ள ரகசியச் சாவி, எளிதில் நகலெடுக்க இயலாதவாறு பாதுகாக்கப்படுகிறது. சந்தாதாரரின் அடையாள விவரங்களும் நிறுவனத்தின் வசம் உள்ளன. இந்த அடிப்படையிலேயே, செல்பேசி நிறுவனங்களின் சர்வதேச அமைப்பான ஜிஎஸ்எம்ஏ, கடவுச்சொல் இன்றி இணையதளங்களில் நுழைய உதவும் 'மொபைல் கனெக்ட்' திட்டத்தை 2014-இல் அறிவித்தது.

பலவீனம் எங்கே?

சிம் அட்டை பாதுகாப்பானது. அதை மாற்றித் தரும் நடைமுறை அவ்வாறல்ல. போலி ஆவணம் காட்டியோ, ஊழியரை ஏமாற்றியோ ஒருவர் மாற்று சிம் பெற்றுவிட்டால், உரியவரின் இணைப்பு செயலிழக்கும். ஓடிபி அனைத்தும் மோசடியாளருக்குச் செல்லும். 2019 ஆகஸ்டில், ட்விட்டரின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஜாக் டோர்சியின் கணக்கே அவரது செல்பேசி எண் வழியாகக் கைப்பற்றப்பட்டது.

இந்தியாவில் உள்ள விதிகள்

* மாற்று சிம் வழங்கப்பட்டால், முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வசதி நிறுத்தப்படும். 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை இவ்வாறு உத்தரவிட்டது.

* சிம் மாற்றிய 7 நாள்களுக்குள் அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற இயலாது. டிராயின் இந்த விதி 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது.

* கைவிடப்பட்ட எண், குறைந்தது 90 நாள்களுக்குப் பிறகே வேறொருவருக்கு வழங்கப்படும். எனவே, பழைய எண்ணை வங்கிக் கணக்கிலிருந்து நீக்காதவர்களுக்கு ஆபத்து தொடர்கிறது.

* ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுவோருக்கு, 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, ரூ.50 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தனியுரிமைக் கேள்வி

செல்பேசி இணைப்புகளை ஆதாருடன் கட்டாயம் இணைக்கும் உத்தரவு செல்லாது என 2018 செப்டம்பர் 26-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், ஒரு எண் உரியவருக்குச் சொந்தமானதா என வங்கிகள் உள்ளிட்ட நிறுவனங்கள் சரிபார்க்க உதவும் தளத்துக்கு, 2025 அக்டோபரில் திருத்தப்பட்ட தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகள் வழிவகுத்துள்ளன. யார் எந்தச் சேவையைப் பயன்படுத்துகிறார் என்ற விவரம் ஓரிடத்தில் குவியக்கூடும் என்பதே இதில் எழும் கவலை.

மாற்று வழி

குறுஞ்செய்தி ஓடிபியை மட்டுமே சாராமல் பிற சரிபார்ப்பு முறைகளையும் பயன்படுத்த, 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள் இடமளிக்கின்றன. சந்தாதாரர்கள் தங்கள் பெயரில் உள்ள இணைப்புகளை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அறியலாம். காரணமின்றி சிக்னல் மறைந்தால் உடனடியாகச் செல்பேசி நிறுவனத்தையும் வங்கியையும் தொடர்புகொள்ள வேண்டும். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.