பிரின்மாவர்: வேலையற்றோர் ஊரும் நண்பர் சபையாரும்

திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையைப் பிரசங்கிக்கையில், மாலையில் அளிக்கப்பட்ட கூலியைக் குறித்தே நாம் விரிவாகப் பேசுகிறோம். பதினோராம் மணி வரை கடைத்தெருவில் நின்றவர்கள், தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று கூறிய மறுமொழியை விரைந்து கடந்துவிடுகிறோம். அம்மறுமொழியே ஓர் ஊர் முழுவதன் குரலாயிருந்த காலம் ஒன்றுண்டு.

தென் வேல்ஸ் நிலக்கரிப் பள்ளத்தாக்கு ஒன்றின் தலைப்பில் அமைந்த பிரின்மாவர், சுற்றிலுமிருந்த சுரங்கங்களையும் இரும்பாலைகளையும் நம்பி வாழ்ந்த ஊராகும். முதல் உலகப் போருக்குப்பின் அவை ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. ஆண்டுக்கணக்கில் வேலை காணாதோர் பெருகினர். 1928இல் குவேக்கர் எனப்படும் நண்பர் சபையார் நிவாரணப் பொருள்களோடு அங்கு வந்தனர். நிவாரணம் மட்டும் போதாதென உணர்ந்து, பீட்டர் ஸ்காட் என்பவர் தலைமையில் ஒரு சிறு குழுவினர் அங்கேயே குடியேறினர்.

அவர்கள் செய்தவற்றுள் நான் மிகவும் மதிப்பது, ஊரின் நிலையை ஊராரைக் கொண்டே ஆராயச் செய்ததாகும். அவ்வாய்வை ஹில்டா ஜென்னிங்ஸ் அம்மையார் 1934இல் நூலாக்கினார். காலணித் தொழிலும் மரச்சாமான் பட்டறையும் தொடங்கப்பெற்றன. பால் மாட் என்னும் கலைஞரின் வரைவின்படி, அதுவரை இழைப்புளியைத் தொட்டறியாத இளைஞர் செய்த நாற்காலிகளும் மேசைகளும் நற்பெயர் பெற்றன.

எனினும் கூட்டுறவு எளிதில் கைகூடவில்லை. 1931இல் பியேர் செரிசோல் தொடங்கிய சர்வதேசத் தொண்டர் இயக்கத்தார் வந்து, பூங்காவும் நீச்சல்குளமும் அமைக்கும் பணியில் ஊராரோடு இணைந்தனர். (1934ஆம் ஆண்டுப் பூகம்பத்திற்குப்பின் பீகாருக்கு வந்து உழைத்தவரும் இவரே.) ஊரிலோ தொழிற்சங்கத்தார் பலர் இதனை எதிர்த்தனர். கூலியின்றிச் செய்யப்படும் வேலை, கூலிக்குரியவனின் வாய்ப்பைப் பறிக்குமன்றோ என்றனர். இதனை நன்றிகெட்ட பேச்சென்று தள்ளுவது நம்மனோர்க்கு எளிது. ஆனால் கூலியைக் கொண்டே தன் மதிப்பை அளந்து பழகிய தொழிலாளிக்கு, கூலியில்லா உழைப்பு அன்பின் அடையாளமாகத் தோன்றாததில் வியப்பென்ன? அவர்கள் எழுப்பிய வினா நியாயமானதே என்பது என் கருத்து.

பின்னர் ஸ்காட், அருகிலுள்ள மான்மத் கிழக்குப் பள்ளத்தாக்கில் மற்றொரு முறையைக் கையாண்டார். அரசின் உதவித்தொகையை இழவாமலே வேலையற்றோர் கூடிப் பயிரிட்டனர். தங்களுக்குத் தேவையான பண்டங்களைத் தாங்களே உற்பத்தி செய்து, அடக்கவிலைக்கு வாங்கிக்கொண்டனர். வெளிச்சந்தையில் எதுவும் விற்கப்படாமையால், பிறர் கூலிக்கு அது இடையூறாகவில்லை. முன்னைய எதிர்ப்புக்கு இது ஓரளவு விடையாயிற்று. ஆயினும் பெரும்பாலும் முதிய சுரங்கத் தொழிலாளரே சேர்ந்தனர். இளைஞர் விலகியே நின்றனர்.

1940இல் போரினால் மரத்திற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, பிரின்மாவர் மரச்சாமான் பட்டறை மூடப்பட்டது. அதே ஆண்டில் அக்கிழக்குப் பள்ளத்தாக்கிற்கு அண்மையில், கிளாஸ்கோயிட் என்னுமிடத்தில் அரசின் வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. போரையே மறுத்த நண்பர் சபையார் பத்தாண்டுகளுக்கு மேல் முயன்றும் அளிக்க இயலாத அளவு வேலையை, அப்பகுதியினர்க்குப் போர் அளித்தது.