அம்மாவின் டெஸ்ட் பட்டியலில் ஒரு வரி

போன மாதம் புனேயிலிருந்தபடியே ஊரில் அம்மாவுக்கு ஹெல்த் செக்கப் பதிவு செய்தேன். பட்டியலில் 'சிஏ-125' என்று ஒரு வரி. சினைப்பைப் புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையாம். விடுவேனா? பூர்வீகம் தேடிப் போனேன்.

1840களில் லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸிடம் ஒரு நோயாளியின் சிறுநீர் வந்தது. அதில் ஒரு விசித்திரப் புரதம். இளஞ்சூட்டில் திரியும், கொதித்தால் கரைந்துவிடும். (நம் வீட்டுப் பால் திரிந்தால் திரிந்ததுதான்!) எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயின் அடையாளம் அது.

உயிர்உணரி வர நூறாண்டுக்கு மேலானது. 1962இல் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க், மின்முனைமேல் நொதியை வைத்துச் சர்க்கரையை அளக்க வழி சொன்னார். நம் வீட்டு குளுக்கோமீட்டருக்கு அவர்தான் பாட்டனார். பின்னால் வந்தவர்கள் நொதியிருந்த இடத்தில் ஆன்டிபாடியை வைத்தார்கள். புற்றுநோய்ப் புரதங்களும் சிக்கின.

ஆனால் சிக்கியதற்கு என்ன அர்த்தம்? சிஏ-125 கர்ப்ப காலத்திலும் ஏறும். பிரிட்டனில் அறிகுறியில்லாத 2 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. ஆண்டுதோறும் சிஏ-125 பார்த்த பிரிவில் நோய் சற்று முன்னதாகவே பிடிபட்டது. சாவு மட்டும் குறையவில்லை.

அம்மாவுக்கு வயிற்றுத் தொந்தரவு எதுவுமில்லை, குடும்பத்திலும் யாருக்கும் இல்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு அந்த வரியை அடித்துவிட்டேன்.