ஒப்பித்தலும் ஒப்படைத்தலும்: உயர்நிலைப் பள்ளி ஆங்கில வகுப்பின் வீட்டுப் பயிற்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கல்வி வரலாறு எழுதப் புகுவோர் ஆணைகளையும் தேர்வுகளையும் பாடத்திட்டங்களையும் விரித்துரைப்பர். மாணவன் பள்ளி விட்டு இல்லம் சென்றபின் விளக்கின்முன் அமர்ந்து செய்த பயிற்சியைப் பற்றி அவர்கள் கூறுவது மிகச் சிறிதே. ஆயினும், பிறமொழி ஒன்றைக் கற்பதில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அவ்விளக்கின்முன்னரே முடிவாகின்றன. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை முதலிய சென்னையின் தென்புற ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவரிடையே, உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில வீட்டுப் பயிற்சியில் பின்தங்கியோர் பலராதலை நாம் காண்கின்றோம். அவர் பின்தங்கியமைக்குச் சோம்பலே காரணம் என்பது ஆசிரியரிடையேயும் பெற்றோரிடையேயும் வழங்கும் கருத்து. அக்கருத்து வரலாற்றோடு பொருந்துவதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நன்னூலார் வகுத்த கணக்கு

நூல் கற்கும் முறையையும் இலக்கணமாக வகுத்துக் கூறிய பெருமை தமிழுக்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அதன் பொதுப்பாயிரத்தில் பாடங் கேட்கும் முறையை உரைக்குமிடத்து ஒரு கணக்கினைத் தருகின்றார். ஆசிரியர் உரைப்பதை முற்றும் உள்ளத்திற் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையின் காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். தான் கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அக்கணக்கின் கருத்தாகும்.

இதனை இன்றைய நிலையில் வைத்து நோக்கின், வகுப்பில் நிகழ்வது கால், ஆசிரியர் உரைக்குப் புறத்தே நிகழ வேண்டுவது முக்கால் என்பது புலனாகும். ஆதலின், பாடவேளைக்குப் பிந்திய பயிற்சியை மேலைநாட்டார் கொணர்ந்த புதுமை எனல் பொருந்தாது. ஆயின் ஈண்டு ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. பாடம் போற்றலும் கேட்டவை நினைத்தலும் ஆகிய இரண்டும் தனித்திருந்து செய்யத்தக்கன; அவற்றை நன்னூலாரும் விதந்து கூறுகின்றார். ஆனால் பங்கிட்டுக் கணக்குரைக்குமிடத்து, அவர் கூறும் முக்கால் முழுவதிலும் கேட்பார் ஒருவர் எதிரே உளர். கேட்பார் இன்றி நிரம்பும் புலமை அக்கணக்கில் இடம்பெறவில்லை.

2. திண்ணைப் பள்ளியின் மாலைப் பயிற்சி

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிகளின் கணக்கை எடுக்குமாறு ஆணையிட்டார். அவ்வாறு தொகுக்கப்பெற்ற கணக்கில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் காணப்பட்டனர். இப்பள்ளிகளுட் பல திண்ணைகளில் நடைபெற்றவை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு ஆகியன அங்கே வாய்ப்பாடமாகப் பயிலப்பட்டன.

திண்ணைப் பள்ளியிலும் ஒருவகை வீட்டுப் பயிற்சி இருந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்று நூலாகிய ‘என் சரித்திர’த்தில் அதனைக் குறித்துள்ளார். மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பும்போது, உபாத்தியாயர் ஒவ்வொருவர்க்கும் பூ, பறவை, விலங்கு, ஊர் என்பவற்றின் பெயர்களைச் சொல்லி அனுப்புவார். பிள்ளைகள் அவற்றை மறவாது மறுநாட் காலையில் வந்து ஒப்பித்தல் வேண்டும். இப்பயிற்சிக்கு ஏடு வேண்டா; எழுத்தாணி வேண்டா; எழுத்தறிந்த பெற்றோரும் வேண்டா. உழவன் மகனும் கணக்கன் மகனும் இதனை ஒருங்கே செய்தல் கூடும். மறுநாள் கேட்பதற்கு உபாத்தியாயரும், அவர்க்குத் துணையாகச் சட்டாம்பிள்ளையும் இருந்தனர்.

சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், மணலில் எழுதிப் பழகும் முறையைத் தாம் இந்நாட்டுப் பள்ளியொன்றில் கண்டதாகக் கூறியுள்ளார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை விளக்கி அவர் எழுதிய நூல் 1797இல் இலண்டனில் வெளிவந்தது. அம்முறை ‘சென்னை முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்திற் பரவியது. நன்னூலார் கூறிய பிற்பகுதி முக்காலை ஒத்ததொரு முறை, நம் நகரின் பெயராலேயே கடல் கடந்து சென்றமை வியப்பிற்குரியது.

மணலெழுத்துக்கு ஓர் இயல்பு உண்டு. எழுதியது அழிந்துவிடும், பிழையும் உடன் அழியும். நேற்று எழுதாது விட்டது இன்று எண்ணிக்கையாக வந்து நிற்பதில்லை. பின்தங்கிய பயிற்சியின் கணக்கு என்பது தாள் வந்தபின் தோன்றியதே.

3. தாளும் தேர்வும்

1837இல் ஸ்காட்லாந்து சபையைச் சார்ந்த ஜான் ஆண்டர்சன் சென்னையில் ஆங்கிலப் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1841இல் அரசின் உயர்பள்ளி தோன்றியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்று, அதன் நுழைவுத் தேர்வாகிய மெட்ரிகுலேஷன் உயர்நிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் குறிக்கோளாயிற்று. அத்தேர்வு எழுத்துத் தேர்வு. ஆங்கிலமே அதன் உயிர்நாடி. பின்னர் அதன் இடத்தை எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு பெற்றபோதும் இந்நிலை பெரிதும் மாறவில்லை.

தேர்வு எழுத்தால் அமைந்தமையின் பயிற்சியும் எழுத்தால் அமைந்தது. சொல்வதெழுதுதல், மொழிபெயர்ப்பு, செய்யுட் கருத்தை உரைநடையில் வரைதல், சுருக்கி வரைதல், கடிதம், கட்டுரை என அது பலவாய் விரிந்தது. 1930களில் ரென், மார்ட்டின் ஆகிய இருவர் எழுதிய இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் அடங்கிய நூல், இந்திய உயர்நிலைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டது. வீட்டில் எழுதிவருவதற்கென்றே ‘காம்போசிஷன் நோட்டு’ என்பதொன்று தோன்றியது. எழுதாதவர்க்கு ‘இம்போசிஷன்’ என்னும் தண்டனை கிடைத்தது. ஒரே தொடரைப் பன்முறை எழுதுவதாகிய அத்தண்டனை, எழுத்துப் பயிற்சியையே ஒறுப்பாக ஆக்கிய முரண்பாடு உடையது.

எழுத்துப் பயிற்சி திருத்தத்தை வேண்டி நிற்பது. ஒரு வகுப்பில் 40 மாணவர் எனவும், ஒரு கட்டுரையைத் திருத்த 5 நிமிடம் எனவும் கொள்வோம். ஒரு வகுப்புக்கு 200 நிமிடம் ஆகும். நான்கு வகுப்புகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்க்கு 800 நிமிடம், அதாவது 13 மணிக்கு மேலும் வேண்டும். கிழமைதோறும் ஒரு கட்டுரை என்பது எத்துணை அரிய செயல் என்பது இதனாற் பெறப்படும். ஆகவே திருத்தம் காலந்தாழ்ந்தது. நோட்டு திரும்பி வரும்போது மாணவன் தான் எழுதியதையே மறந்திருப்பான். சிவப்பு மைக் குறிகளைக் கண்டு மதிப்பெண்ணை மட்டும் நோக்கி மூடிவைப்பான். ஈண்டுக் கேட்பார் இலர். பார்ப்பார் மட்டுமே உளர்.

4. தாம்பரமும் அதன் சூழலும்

இம்மாற்றத்தின் விளைவைக் காணத் தாம்பரப் பகுதி ஏற்ற களமாகும். 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது. 1937இல், ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதியில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையின் பெயரே குரோம்பேட்டைக்கு ஊர்ப்பெயராயிற்று. அனகாபுத்தூரில் நெசவாளர் ‘மெட்ராஸ் கைக்குட்டை’ எனப் பெயர்பெற்ற துணியை நைஜீரியாவுக்கு அனுப்பிவந்தனர். இவ்வூர்களை உள்ளடக்கித் தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆயிற்று.

இத்தகைய பகுதியின் உயர்நிலைப் பள்ளியில், மின்தொடர் வண்டியில் நாடோறும் நகரத்து அலுவலகம் செல்லும் எழுத்தரின் மகனும், தறியில் அமர்ந்தவரின் மகளும், தோல் தொழிலாளியின் மகனும் ஒரே பலகையில் அமர்தல் இயல்பு. வகுப்பில் அவர்கள் கேட்கும் பாடம் ஒன்று. கொண்டுசெல்லும் பயிற்சியும் ஒன்று. சென்று சேரும் இல்லங்களோ வேறு. எழுத்தரின் இல்லத்தில் தந்தை ஓர் ஆங்கிலத் தொடரைக் கேட்டுத் திருத்துவார். நெசவாளர் இல்லத்தில் அன்பு உண்டு, ஊக்கம் உண்டு. ஆங்கிலத் தொடரைக் கேட்டுப் பிழை கூறுவார் இலர். கணக்கும் அறிவியலும் தமிழில் அமையின், வீட்டார் ஒருவாறு உசாவ இயலும். ஆங்கிலம் ஒன்றே அவ்வாயிலை அடைத்து நிற்பது. முதல் தலைமுறையாகக் கற்போர் ஏனைய பாடங்களினும் ஆங்கிலப் பயிற்சியில் மிகுதியும் பின்தங்குவதற்கு இதுவே தலையாய காரணம் என நாம் கருதுகின்றோம்.

இவ்விடத்தில் கிறித்தவக் கல்லூரியின் விடுதி அமைப்பை ஒப்புநோக்கலாம். சேலையூர், புனித தோமையர், பிஷப் ஹீபர் என்னும் பெயருடைய இல்லங்களில் மாணவர் உடனுறைந்து பயின்றனர். உடன் பயில்வாரால் வரும் காற்பங்கு அவர்க்கு எளிதில் வாய்த்தது. கல்லூரி மாணவர்க்கு வாய்த்த இவ்வுதவி, அக்கல்லூரியைச் சூழ்ந்த ஊர்களில் நாட்பள்ளி சென்று வந்த உயர்நிலைப் பள்ளிச் சிறுவர்க்கு இல்லை. அக்குறையை நிரப்பத் தனிப்பயிற்சி வகுப்புகள் தோன்றின, உரைநூல்கள் பெருகின. தமிழ்ப் பாடத்துக்குக் கோனார் உரை பெற்ற செல்வாக்கினை அனைவரும் அறிவர். ஆங்கிலப் பாடத்துக்கு எழுந்த உரைநூல்கள் கட்டுரைகளையே எழுதித் தந்தன. மாணவன் அவற்றைப் பார்த்தெழுதினான், நோட்டு நிரம்பியது, கணக்குத் தீர்ந்தது, மொழி வரவில்லை.

இதனை அறிந்தோர் மாற்றுவழி தேடாமல் இல்லை. 1950களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் 27,000 ஆசிரியர்க்கு வாய்மொழிப் பயிற்சியை முதன்மையாகக் கொண்ட புதுமுறையில் ஆங்கிலங் கற்பிக்கப் பயிற்சியளிக்கும் பெருந்திட்டம் மேற்கொள்ளப்பட்டது. பயின்றவர் பிறர்க்குப் பயிற்றுவிக்க, அவர் மேலும் பலர்க்குப் பயிற்றுவிக்க, உருளும் பனிப்பந்துபோல் அது பெருகும் எனக் கருதப்பட்டது. ஆயின் அது தொடக்க வகுப்புகளை நோக்கியது. உயர்நிலை வகுப்பின் இறுதியில் எழுத்துத் தேர்வு நின்றமையின், வீட்டுப் பயிற்சி எழுத்தாகவே நீடித்தது.

5. சொல் காட்டும் மாற்றம்

2012-13ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் நடைமுறைக்கு வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் வகுக்கப்பட்டன. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபின், மாணவர் வீட்டிலிருந்தே எழுதித் தரும் பணி ‘ஒப்படைப்பு’ என்னும் பெயரால் பரவலாக வழங்கியது.

இச்சொல் நம் கருத்துக்கு உரியது. ஒப்பித்தல், ஒப்படைத்தல் என்னும் இரண்டும் ‘ஒப்பு’ என்பதன் அடியாகப் பிறந்தவை. ஒப்புவித்தல் என்னும் சொல், பாடத்தை வாயாற் கூறுதல், பொருளை உரியவரிடம் சேர்த்தல் என்னும் இரு பொருளும் தந்து நிற்பது. முற்பொருளில் பாடம் கூறுவான் ஒருவனும் கேட்பான் ஒருவனும் உளர். பிற்பொருளில் கொடுப்பவன் உளன், பெறுபவன் உளன். இடையே நிற்பது ஒரு பொருள் மட்டுமே. திண்ணைச் சிறுவன் ஒப்பித்தான். இன்றைய மாணவன் ஒப்படைக்கின்றான். இரு நூற்றாண்டு வரலாறு இவ்விரு சொற்களின் இடைவெளியில் அடங்கும் எனலாம்.

ஒப்பித்தல் அனைத்தும் நன்று என்பது நம் கருத்தன்று. பொருளறியாது ஒப்பித்த குறை திண்ணையில் இருந்தது, பிரம்பும் இருந்தது, பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் திண்ணை பெரும்பாலும் மூடியே கிடந்தது. எழுத்துப் பயிற்சியால் விளைந்த நன்மையும் மறுத்தற்குரியதன்று. கேட்பாரை இழந்தமையே நாம் சுட்டும் இழப்பு.

அண்மைக் காலத்தில் வீட்டுப் பயிற்சியின் அளவைக் குறைக்கும் முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. மத்திய பாடத்திட்டப் பள்ளிகளில் முதலிரு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2018 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. நடுவணரசின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கை, 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரத்தை மேல்வரம்பாகக் கூறியது. பத்தாம் வகுப்பின் ஐந்து பாடங்களுக்கும் அதனைப் பகிர்ந்தால் ஆங்கிலத்துக்கு 24 நிமிடம் கிடைக்கும். கேட்பார் உள்ள இல்லத்தில் 24 நிமிடம் போதுமானது. கேட்பார் இல்லாத இல்லத்தில் இரண்டு மணியும் போதாது. அளவைக் குறைத்தல் நன்றே. அஃது ஒன்றே மருந்தாகாது.

2021 அக்டோபரில் தமிழ்நாட்டரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம், மாலை வேளையில் மாணவர் இல்லங்களின் அருகிலேயே தன்னார்வலரைக் கொண்டு பாடம் பயிற்றியது. கேட்பாரை மாணவனிடம் கொண்டு சேர்த்தமையின், அதனைத் திண்ணையின் மறுபிறப்பு என்று கூறுதல் தகும். ஆயின் அது முதல் எட்டு வகுப்புகளுக்கே அமைந்தது. ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி கடுமையாகும் ஒன்பது, பத்தாம் வகுப்புகள் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டன.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவது இதுவாகும். ஆங்கில வீட்டுப் பயிற்சியில் மாணவர் பின்தங்குதலைச் சோம்பலின் பயனாக மட்டும் கொள்ளுதல் வரலாற்றோடு பொருந்தாது. தாளும் தேர்வும் பயிற்சியைக் கேட்பாரிடமிருந்து பிரித்தன. அப்பிரிவின் சுமை, ஆங்கிலம் அறியாத இல்லங்களின் மீதே மிகுதியும் வீழ்ந்தது. நாள்தோறும் தரும் பயிற்சியில் ஒரு பகுதியேனும் மறுநாள் வகுப்பில் மாணவர் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் கூற மற்றவர் கேட்டுத் திருத்துவதாக அமையின், நன்னூலார் கூறிய முக்காலின் ஒரு கூறு பள்ளிக்குள்ளேயே மீளும். 800 நிமிடத் திருத்தத்தின் சுமையும் ஒருவாறு குறையும்.

இத்துறையில் சான்றுகள் விரைந்து அழிகின்றன. ஆணைகளும் அறிக்கைகளும் ஆவணக்களரியில் உள்ளன. மாணவர் எழுதிய நோட்டுகளோ பழைய தாள் கடைக்குச் சென்று மறைகின்றன. முதுகலை மாணவர், தாம்பரம் போன்ற ஊர்களில் தத்தம் குடும்பத்தாரின் பழைய கட்டுரை நோட்டுகளைத் தேடித் தொகுத்தல் வேண்டும். அவற்றின் சிவப்பு மைக் குறிகளோடு, எழுதப்படாது விடப்பட்ட பக்கங்களும் ஆராய்ச்சிக்குரியனவே. அப்பக்கங்களின் எதிரே அன்று யார் அமர்ந்திருந்தார், யார் அமர்ந்திருக்கவில்லை என்று வினவுதல் ஆராய்வார் கடனாகும்.