மாடி மாநிலத்துக்கு, ஆண்டெனா மத்திக்கு: ஒரு மொட்டை மாடியின் சட்ட வரலாறு

கேளம்பாக்கம் பக்கம் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் ரெண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, அக்கம்பக்கத்து வீடுகளின் தளத்தில் அறுக்காமல் விட்டு வைத்திருக்கும் பில்லர் கம்பிகள். "பின்னாடி ஒரு மாடி எடுத்துக்கலாம்" என்ற நம்பிக்கை துருப்பிடித்து நிற்கும். இன்னொன்று, எங்கேயாவது ஒரு மாடி மேலே செல்போன் டவர்.

இந்த ரெண்டுக்கும் யார் அனுமதி கொடுக்கிறார்கள், கொடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏதாவது கேட்கிறார்களா என்பதுதான் நான் தேடப் போன கேள்வி. சட்டங்களையும் விதிகளையும் தீர்ப்புகளையும் படித்துப் படித்துக் கிடைத்த பதில் கொஞ்சம் விசித்திரமானது. மாடி ஒரு ஃபைலில் போகிறது, ஆண்டெனா இன்னொரு ஃபைலில். நூறு வருஷத்துக்கு மேலாக இந்த ரெண்டு ஃபைலும் ஒரே மேஜைக்கு வந்ததே கிடையாது. சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், ரெண்டு டீம் ஒரே சர்வரில் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் கோட் ஏற்றுகிற கதை.

ஆண்டெனா ஃபைல்தான் மூத்தது. 1885-ம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம். தந்திக் கம்பம் நட வேண்டுமென்றால் தனியார் நிலத்திலும் நடலாம் என்று அதன் 10-வது பிரிவு சொன்னது. நிலம் உங்களுடையதுதான், அது மாறாது. ஆனால் கம்பத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சேதம் இருந்தால் நஷ்டஈடு. மறித்து நின்றால் மாவட்ட மாஜிஸ்திரேட் முடிவு செய்வார் என்றது 16-வது பிரிவு. 1857 கலகத்தில் தந்தியின் அருமையைப் பார்த்த அரசு எழுதிய சட்டம், அப்படித்தான் இருக்கும். சுதந்திரத்துக்கு அப்புறம் அரசியல் சாசனத்தில் தபால், தந்தி, தொலைபேசி, வயர்லெஸ் எல்லாம் மத்தியப் பட்டியலின் 31-வது இனமாகப் போய் உட்கார்ந்தது. உள்ளாட்சி மாநிலப் பட்டியலுக்கு வந்தது. அதாவது, தளம் வரைக்கும் சென்னை, அதுக்கு மேல் கம்பி போனால் டெல்லி.

மாடி ஃபைலின் ஆரம்பம் சுவாரசியமானது. 1914-ல் பேட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நகரமைப்புக் கண்காட்சி ஒன்றைச் சென்னைக்குக் கொண்டுவரக் கிளம்பினார். அவர் ஒரு கப்பலில் வர, வரைபடங்களும் படங்களும் 'கிளான் கிராண்ட்' என்ற இன்னொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை அக்டோபரில் மூழ்கடித்தது நம்ம எம்டன். ஆமாம், செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு, தமிழில் ஒரு வசவுச் சொல்லாகவே நிலைத்துவிட்ட அதே எம்டன். கெடஸ் மனம் தளராமல் நண்பர்களிடம் படங்களைத் திரும்பச் சேகரித்து 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தியேவிட்டார். அவர் சொன்ன வைத்தியம், ஊரை இடித்துத் தள்ளாமல் அங்கங்கே நோய் கண்ட இடத்தை மட்டும் சரி செய்வது, அதுவும் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களைக் கூட வைத்துக்கொண்டு.

1920-ல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1971-ல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இந்த 1971 சட்டத்தின் 17-வது பிரிவில், மாஸ்டர் பிளான் எதையெல்லாம் கட்டுப்படுத்தலாம் என்ற பட்டியலில், கட்டடத்தின் முகப்பும் தோற்றமும் கட்டடக்கலை அம்சங்களும் இருக்கின்றன. படித்தபோது எனக்கு ஆச்சரியம். வெளிநாட்டில் 'டிசைன் ரிவ்யூ' என்கிறார்களே, வீட்டை விரிவாக்கும்போது தெருவுக்குப் பொருந்துகிறதா என்று ஒரு குழு உட்கார்ந்து பார்ப்பது, அதற்கான சாவி நம் சட்டத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. யாரும் பூட்டைத் திறக்கவில்லை. நடைமுறையில் வந்தது எல்லாம் எண்கள்: பக்கவாட்டில் எத்தனை அடி விட வேண்டும், உயரம் எவ்வளவு, மனைக்கு எத்தனை மடங்கு கட்டலாம் (எஃப்எஸ்ஐ), கார் நிறுத்த எத்தனை இடம்.

எண்கள் கெட்டது என்று சொல்ல மாட்டேன். குழு போட்டால் அங்கேயும் ஒருத்தர் கவர் எதிர்பார்ப்பார். எண் என்றால் குறைந்தபட்சம் டேப் பிடித்து அளக்கலாம். பிரச்சினை, அந்த எண்ணையே நாம் மதிக்கவில்லை. அதே சட்டத்தின் 113-வது பிரிவு அரசுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் கொடுத்தது. அதை வைத்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாக விலக்கு ஆணைகள் போட்டார்கள். கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் என்ற சென்னை அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்டில் வந்த தீர்ப்பில் பிரிவு செல்லும் என்றார்கள், ஆனால் காரணமே சொல்லாமல் போட்ட விலக்கு ஆணைகளை ரத்து செய்தார்கள். இதற்கு நடுவில் 113-ஏ என்று ஒரு பிரிவு வந்திருந்தது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம், ஒரே ஒரு தடவைதான். அந்த 'ஒரே ஒரு தடவை' 2000, 2001, 2002 என்று நீண்டது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளை ரத்து செய்தது. அப்புறம் 113-சி வந்தது. கட்டிவிட்டுக் கேட்பதுதான் நம்ம ஊர் வழக்கம் என்பதை சட்டமே ஒப்புக்கொண்ட மாதிரி.

கேளம்பாக்கத்துக்கு இது எதுவும் நேரடியாகப் பொருந்தவில்லை. சிஎம்டிஏவின் பழைய 1,189 சதுர கிலோமீட்டர் எல்லை ஓ.எம்.ஆரில் செம்மஞ்சேரியோடு முடிந்துவிட்டது. நாவலூர் தொடங்கி இந்தப் பக்கம் எல்லாம் டிடிசிபியும் ஊராட்சியும். 1997-ம் ஆண்டு ஊராட்சிக் கட்டட விதிகளின்படி சின்ன வீடுகளுக்கு ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போதும். உப்பளமும் வயலுமாக இருந்த ஊருக்கு எழுதிய விதி. பக்கத்திலேயே சிறுசேரி சிப்காட், ஆறு வழிச் சாலை, பத்துப் பதினைந்து மாடி அடுக்ககங்கள் எல்லாம் வந்தபிறகும் பழைய தெருக்களில் அதுவே தொடர்ந்தது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தபோதுதான் நாங்கள் வரைபடத்தில் சென்னையானோம். வாடகை அதற்குப் பல வருஷம் முன்னாடியே சென்னையாகிவிட்டது, அது வேற விஷயம்.

சரி, ஆண்டெனாவுக்கு வருவோம். ஒரு காலத்தில் ரேடியோ வைத்துக்கொள்ளவே தபால் ஆபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு லைசென்ஸ், மாடியில் நிற்கும் கம்பத்தை ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்! 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தபிறகு இங்கே மாடிக்கு மாடி அலுமினிய ஆண்டெனா. தென் மாவட்டங்களில் கொடைக்கானல் ஒளிபரப்பு வருவதற்கு முன் இலங்கையின் ரூபவாகினிக்காக இன்னும் உயரமான கம்பங்கள். ஒருத்தர் மேலே நின்று கம்பத்தைத் திருப்ப, கீழிருந்து ஒருத்தர் "வருது... போச்சு... அங்கேயே நிறுத்து" என்று கத்த, தெருவே பார்த்துக்கொண்டிருக்கும். அதெல்லாம் வாங்குகிற ஆண்டெனா, அனுப்புவதில்லை. காற்றடித்துப் பக்கத்து வீட்டில் விழுந்தால்தான் சண்டை.

1995-ல் ஆர்பிஜி செல்லுலார், ஸ்கைசெல் என்று ரெண்டு கம்பெனிகள் சென்னையில் செல்போன் சேவை தொடங்கின. இப்போது மாடியில் நிற்பது அனுப்பும் கருவி, அதுவும் வாடகை தரும் கருவி. மாடிக்காரருக்கு மாத வருமானம், எதிர்வீட்டுக்காரருக்குக் கதிர்வீச்சு பயம். இந்த ஏற்றத்தாழ்வுதான் எல்லா டவர் போராட்டத்துக்கும் அடியில் இருக்கிறது என்பது என் கணிப்பு. "எனக்கு ஒரு பைசா இல்லை, என்னைக் கேட்கவும் இல்லை" என்ற கோபம் மனுவில் எழுதும்போது "புற்றுநோய்" என்று மாறிவிடுகிறது. ஏனென்றால் முதல் வரிக்குச் சட்டத்தில் இடமில்லை.

பயத்துக்கு அரசு எண்ணால் பதில் சொன்னது. 2008-ல் ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேசக் குழுவின் வரம்பை ஏற்றார்கள். 2012 செப்டம்பர் 1 முதல் அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தார்கள்: 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்பது 0.45 வாட் ஆனது. உலகத்திலேயே கண்டிப்பான வரம்புகளில் ஒன்று. சரிபார்ப்பது எப்படி? கம்பெனியே சுயசான்று தரும். தொலைத்தொடர்புத் துறை ஆண்டுக்குப் பத்து சதவீத டவர்கள் வரை போய் அளக்கும்.

2013-ல் தொலைத்தொடர்புத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டு நெறிமுறையில்தான் எனக்கு வேண்டிய இடம் இருந்தது. ஆண்டெனா முகம் பார்க்கும் திசையில், அதே உயரத்தில் கட்டடம் இருந்தால், நடுவில் இவ்வளவு தூரம் வேண்டும் என்று ஒரு அட்டவணை. ரெண்டு ஆண்டெனா என்றால் 35 மீட்டர், ஆறு என்றால் 55 மீட்டர். நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை, விளக்கடியில் இருட்டு மாதிரி. ஆண்டெனா கற்றையைக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வீசுகிறது. ஆக டவருக்கு இடம் கொடுத்தவர் நிழலில் இருக்கிறார். வெளிச்சம் படுவது எதிர்ப்பக்கத்துக்காரர் மேல்.

இங்கேதான் அந்தப் பில்லர் கம்பிகள் ஞாபகம் வர வேண்டும். டவர் வைக்கும் அன்று எதிர்வீடு தரைத்தளமும் முதல் மாடியுமாக ஏழு மீட்டர். ஆண்டெனா பதினைந்து மீட்டரில். எல்லாக் கணக்கும் சரி, சான்று கிடைத்துவிடும். ஆறு வருஷம் கழித்து அவர் இன்னும் ரெண்டு மாடி எடுக்கிறார். அதற்கும் முறைப்படி அனுமதி வாங்குகிறார். புது மாடியின் படுக்கையறை ஜன்னல் இப்போது கற்றையின் நேர் எதிரே, இருபது மீட்டரில். யார் மீறினார்கள்? யாருமே இல்லை. நான் பார்த்த கட்டட வரைபட விண்ணப்பம் எதிலும் எதிர் மாடி ஆண்டெனாவைக் குறிக்கச் சொல்லும் கட்டம் இல்லை. டவர் சான்றும் அந்த அன்றைய தெருவுக்கானது. நாளைக்கு எழப்போகும் மாடி அதில் வராது. வரம்பே மிகவும் தாழ்வாக வைத்திருப்பதால் உடம்புக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஓட்டை ஓட்டைதான்.

உள்ளாட்சி இதைப் பார்க்கலாமே என்றால், அதன் கை மெல்ல மெல்லக் கட்டப்பட்டுவிட்டது. 2016 நவம்பரில் அதே 1885 சட்டத்தின் கீழ் வழியுரிமை விதிகள் வந்தன. அறுபது நாளில் பதில் சொல்லாவிட்டால் அனுமதித்ததாகவே கருதப்படும். அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குஜராத்திலிருந்து வந்த ஜிடிஎல் வழக்கில், செல்போன் டவரும் 'கட்டடம்'தான், மாநிலம் சொத்து வரி போடலாம் என்றது. உள்ளாட்சிகளுக்குக் கிடைத்த அபூர்வமான வெற்றி. 2022-ல் விதியைத் திருத்தினார்கள்: தனியார் இடத்தில் டவர் வைக்க உள்ளாட்சியின் அனுமதியே வேண்டாம், பொறியாளர் சான்றோடு முன்கூட்டியே தகவல் சொன்னால் போதும். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 14-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், வலையமைப்பு அது நிற்கும் சொத்தின் பகுதியே இல்லை, சொத்து வரி விஷயத்திலும் கூட, என்றது. ஏழு வருஷத்தில் டவர் கட்டடமாகி, மறுபடி கட்டடம் இல்லாமல் போனது!

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். அங்கே சார்ல்ஸ்டன் நகரம் 1931-லேயே கட்டடத் தோற்றத்தைப் பார்க்க ஒரு வாரியம் வைத்தது. ஆனால் 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 704-வது பிரிவு, கதிர்வீச்சைக் காரணம் காட்டி உள்ளூர் மன்றங்கள் டவரை மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. எங்கே நிற்கலாம், எப்படித் தெரிய வேண்டும் என்று மட்டும் பேசலாம். அதனால்தான் அங்கே பைன் மரம் மாதிரி வேஷம் போட்ட டவர்கள் முளைத்தன. சிரிப்பு வரும், ஆனால் அந்த வேஷத்தைப் பற்றிப் பேசவாவது ஒரு கூட்டம் நடக்கிறது.

நம் பக்கத்தில் அப்படி ஒரு கேள்வி கேட்கப்படும் இடம் வெகு தூரத்தில் இல்லை. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போய் இ.சி.ஆரில் தெற்கே திரும்பினால் திருவிடந்தை. நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பது. அதனால் 2010-ல் திருத்திய சட்டப்படி சுற்றிலும் 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. மாமல்லபுரத்திலும் அதே. அங்கே ஒரு மாடி எடுக்கத் தனி அனுமதி வேண்டும், பழுது பார்க்கக்கூட. அங்கே வீடு வைத்திருப்பவர்கள் இதைப் பாக்கியமாக நினைப்பதில்லை, பொண்ணு கல்யாணத்துக்கு மேலே ஒரு ரூம் போட முடியலையே என்று புலம்பத்தான் செய்வார்கள். நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கிறது. பல்லவர் காலத்துக் கல்லுக்காகக் கேட்கப்படும் கேள்வி, எதிர்வீட்டு மனுஷருக்காக ஒரு தடவைகூடக் கேட்கப்படுவதில்லை.

இப்போது காற்று எதிர்ப்பக்கம்தான் வீசுகிறது. 2024 ஜூலை 22 முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று போதும். ஆன்லைனில் பணம் கட்டினால் உடனே அனுமதி. ஆபீசுக்கு அலைந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி, நானும் வரவேற்கிறேன். ஆக மாடியும் சுயசான்று, ஆண்டெனாவும் சுயசான்று.

மாடி எடுக்கிற எண்ணம் உள்ளவர்கள் ஒரு வேலை செய்யலாம். 2017-ல் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய 'தரங் சஞ்சார்' தளத்தில் உங்கள் தெருவைப் போட்டால் சுற்றியுள்ள டவர்கள் வரைபடத்தில் தெரியும். சந்தேகம் இருந்தால் 4,000 ரூபாய் கட்டணத்துக்கு நேரில் வந்து அளந்து தரச் சொல்லலாம் என்று திட்டம் தொடங்கும்போது அறிவித்தார்கள். அதற்கு முன்னாடி காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது: மாடியில் நின்று, நீளமான வெள்ளைப் பெட்டி மாதிரி இருக்கும் அந்த ஆண்டெனாக்களின் தட்டையான முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, உங்கள் புது மாடி எந்த உயரத்துக்கு வரும் என்று பாருங்கள். பில்லர் கம்பிக்கு நேர் எதிரே முகம் தெரிந்தால், என்ஜினியரிடம் படம் வரையச் சொல்வதற்கு முன்பே டவர்க்காரருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். ஆண்டெனாவின் திசையையும் சாய்வையும் மாற்ற அவர்களால் முடியும்.