ஈயக் கூண்டும் மரவளையமும்

பின்லாந்தின் ஔலு நகரில் ஒரு நியூட்ரான் மானி 1964 முதல் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாயிரம் துடிப்புகளை எண்ணி வருகிறது. ஜப்பானின் யாக்குத் தீவுச் சீடர் மரங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஒரு வளையமாகத் தம் கணக்கை எழுதி வைத்திருக்கின்றன. முன்னதை இயற்பியலாளரின் கருவி என்கிறோம். பின்னதைத் தொல்லியலாளரின் சான்று என்கிறோம். இரண்டும் அண்டக்கதிரை அளக்கின்றன, அதன் வழியே சூரியனின் ஏற்ற இறக்கத்தையும் அளக்கின்றன. அருகருகே வைத்துப் பார்த்தால், கருவி என்றும் சான்று என்றும் நாம் போட்ட கோடு நெடுநேரம் நிற்பதில்லை.

முதலில் அணுக்கருவின் அளவில் பார்ப்போம். மானிக்குள் நுழையும் துகள் ஈயக் கருக்களைச் சிதைக்கிறது. சிதறும் நியூட்ரான்கள் பாலிஎத்திலீனில் மோதி வேகம் தணிகின்றன. அவற்றில் ஒன்று குழாய்க்குள் இருக்கும் போரான்-10 கருவில் புக, ஓர் ஆல்ஃபா துகள் வெளியே பாய்கிறது. மரத்துக்கு மேலே, காற்று மண்டலத்தின் உயரத்தில், காற்றணுக்களில் மோதி வேகம் தணிந்த நியூட்ரான் நைட்ரஜன் கருவில் புக, ஒரு புரோட்டான் வெளியே பாய்கிறது, எஞ்சுவது கார்பன்-14. ஆக இரண்டு இடங்களிலும் நடப்பது ஒரே வினைதான்: களைத்த நியூட்ரானை ஒரு கரு விழுங்கி, மின்னேற்றமுள்ள துகள் ஒன்றை உமிழ்கிறது. மானி உமிழப்பட்டதை எண்ணுகிறது. மரம் எஞ்சியதைச் சேமிக்கிறது. முழு வளிமண்டலத்தையும் நைட்ரஜன் நிரப்பிய ஒரு மாபெரும் நியூட்ரான் குழாய் என்று கொண்டால், வளையம் அதன் பதிவேடு.

பிறப்பிலும் இந்த உறவு தொடர்கிறது. ஜான் சிம்ப்சன் 1948இல் நியூட்ரான் மானியை வடிவமைத்ததும், வில்லார்ட் லிப்பி 1949இல் கார்பன்-14 காலக்கணிப்பை வெளியிட்டதும் ஒரே சிகாகோ பல்கலைக்கழகத்தில். வளிமண்டல நியூட்ரான்களை 1939இல் அளந்த செர்ஜ் கார்ஃபின் முடிவுகளே லிப்பிக்குத் தூண்டுகோல். இருவரும் ஒரே நியூட்ரானைத்தான் நம்பினார்கள். ஆனால் அந்த நம்பிக்கையின் திசை நேர் எதிர். அண்டக்கதிர் மாறுகிறது என்பதாலேயே சிம்ப்சனுக்கு மானி தேவைப்பட்டது. அது மாறவில்லை என்று கொண்டால் மட்டுமே லிப்பியின் கடிகாரம் ஓடும். 1958இல் குரோனிங்கனைச் சேர்ந்த ஹெஸ்ஸல் டி விரீஸ், பழைய வளையங்களில் கார்பன்-14 விகிதம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு ஏறி இறங்குவதைக் காட்டினார். காலக்கணிப்பாளருக்கு அது பிழை. சூரியனைப் படிப்பவருக்கோ அந்தப் பிழையே தரவு. லிப்பியின் கடிகாரத்தில் எங்கே கோளாறு தெரிந்ததோ, அங்கேதான் சிம்ப்சனின் கருவிக்கு ஒரு மூத்த உறவினர் கிடைத்தார்.

அளவில் மானிக்கும் வளையத்துக்கும் இடைவெளி பெரிது. சூரியன் ஓங்கும்போது அதன் காற்றும் காந்தப்புலமும் அண்டக்கதிரை வெளியே தள்ளுகின்றன; அது ஓயும்போது கதிர் உள்ளே பெருகுகிறது. இந்தத் தலைகீழ் உறவை 1954இல் தெளிவாக நிறுவியவர் ஸ்காட் ஃபோர்புஷ். அவருடைய அயனிக் கலங்களில் பதினோராண்டு அலை சில விழுக்காடாக மட்டுமே தெரிந்தது. துருவத்தருகே உள்ள நியூட்ரான் மானிகளில் அது 15 முதல் 20 விழுக்காடு வரை எழுகிறது. வளையத்திலோ அதே அலை ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்காகச் சுருங்கிவிடுகிறது. காற்றில் பிறந்த கார்பன்-14 ஏற்கெனவே காற்றிலும் கடலிலும் உயிர்களிலும் இருக்கும் பெருஞ்சேமிப்பில் கலந்துவிடுவதே காரணம். இந்தச் சிறு அலையை ஆண்டுவாரியாகப் பிரித்தெடுக்கத் துகள்முடுக்கி நிறைமாலைமானி வரவேண்டியிருந்தது. 2021இல் சூரிச் ஆய்வாளர்கள் 969ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் சென்று பதினோராண்டுச் சுழற்சியை வளையங்களில் வாசித்துக் காட்டினார்கள்.

தாமதத்தில் இருவரும் எதிர்பாராத விதமாக ஒத்துப்போகிறார்கள். சூரியப்புள்ளிகள் உச்சத்தைத் தொட்டவுடன் மானியின் எண்ணிக்கை தாழ்வதில்லை. சுழற்சியைப் பொறுத்துச் சில மாதங்களிலிருந்து ஓராண்டுக்கும் மேல் பின்தங்குகிறது. வளையமும் உடனே பதிலளிப்பதில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகள் பின்தங்குகிறது. மானியின் தாமதம் விண்வெளியில் நேர்வது. சூரியக் காற்று தன் குமிழை விளிம்புவரை நிரப்ப ஓராண்டுக்கு மேலாகும். அந்த விளிம்பை 2012இல் வாயேஜர்-1 கடந்தபோது அது சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவைப் போல 121 மடங்கு தொலைவில் இருந்தது. மரத்தின் தாமதம் பூமியில் நேர்வது. அடுக்கு மண்டலத்தில் பிறந்த அணு கீழே இறங்கி இலைக்குள் வரவேண்டும். ஒருவர் சூரியக் குமிழின் பரப்பையும் மற்றவர் பூமியின் காற்றோட்டத்தையும் தம் தாமதத்தில் சுமக்கிறார்கள். தாமதத்தைக் குறையென்று கழித்துவிடும் வழக்கம் எனக்கு எப்போதும் அவசரமாகவே படுகிறது.

நினைவின் நீளத்தை ஒப்பிட வேண்டியதே இல்லை. மானி வெகுவாகத் தோற்கிறது. கொலராடோவின் கிளைமாக்ஸில் 1951இல் தொடங்கிய பதிவு 2006இல் நின்றது; உலகின் எந்த மானித் தொடரும் அதைவிடப் பழையதல்ல. ஆனால் அந்த இளம் பதிவுக்குள்ளேயே மரத்துக்கு எளிதில் எட்டாத நுட்பம் இருக்கிறது. சூரியனின் காந்தத் துருவங்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் தலைமாறுவதால், அண்டக்கதிரின் உச்சம் ஒருமுறை கூராகவும் மறுமுறை தட்டையாகவும் வருகிறது: 1965இலும் 1987இலும் கூர், 1976இலும் 1997இலும் தட்டை. இந்த வடிவ மாற்றத்தை ஒரு மாதத்துக்கு ஓர் எண் என்ற கணக்கில் மானி வரைந்து காட்டுகிறது. மரத்தின் தனிப்பெருமை வேறு. 1645 முதல் 1715 வரை சூரியப்புள்ளிகள் ஏறத்தாழ மறைந்திருந்தன என்பதை 1976இல் ஜான் எடி வாதிட்டபோது, பழைய வானியலாளர்களின் கவனக்குறைவே அது என்ற ஐயத்தை அகற்றியவற்றுள் வளையங்களில் உயர்ந்திருந்த கார்பன்-14 ஒன்று. தொலைநோக்கியில் புள்ளி தெரியாத அந்தக் காலத்திலும் சுழற்சி மெல்லத் தொடர்ந்ததை வளையங்கள் காட்டுகின்றன.

இடத்தைப் பொறுத்தவரை மானி சிறைப்பட்டது, மரம் சுதந்திரமானது. ஔலுவில் பூமியின் காந்தக் கவசம் மெலிந்திருப்பதால் குறைந்த ஆற்றல் கதிரும் இறங்குகிறது. சூரியன் ஆட்டிவைப்பது அந்தக் கதிரைத்தான். காந்த நடுக்கோட்டுக்கு அருகே, பெருவின் உவான்காயோ போன்ற இடங்களில், பதினோராண்டு அலை மிகவும் மங்குகிறது. நம் ஊட்டியும் அந்த வகை இடமே. அங்கே ஏறத்தாழ 17 ஜிகாவோல்ட்டுக்குக் கீழ்ப்பட்ட கதிரை வானம் நேர்மேலிருந்து விடுவதில்லை. எனவே அங்குள்ள, 560 சதுர மீட்டர்ப் பரப்புள்ள கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கி நாளொன்றுக்கு 400 கோடி மியூவான்களை எண்ணி, பெருந்தொகையின் பலத்தால் சிறு மாற்றங்களைப் பிடிக்கிறது. மரத்துக்கு இந்தக் கவலை இல்லை. காற்று கலந்துவிடுவதால், எங்கே நின்றாலும் அது ஏறத்தாழ உலகம் முழுவதன் கணக்கையே எழுதுகிறது. ஆனால் வளையம் தெளிவாக இருக்க வேண்டும். வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலானவை அதைத் தருவதில்லை, தேக்கு போன்ற சில விலக்குகளே உண்டு. ஆகவே கதிருக்கான சிறந்த மானியும் சிறந்த மரமும் வெவ்வேறு காரணங்களுக்காகக் குளிர்நாடுகளிலேயே கூடியிருக்கின்றன. அங்கே மானிக்குத் தனித் தொல்லையும் உண்டு: கூரைமேல் பனி படிந்தால் எண்ணிக்கை குறைகிறது.

இனி வெடிப்புகளுக்கு வருவோம். ஒப்பீட்டின் சுவை இங்கேதான். 1956 பிப்ரவரி 23 அன்று சூரியனில் எழுந்த துகள் வெள்ளத்தால் இங்கிலாந்தின் லீட்ஸ் மானியில் எண்ணிக்கை இயல்பைப்போல நாற்பது மடங்குக்கும் மேல் எகிறியது. மானிகளின் வரலாற்றில் அதுவே பெரியது. மரங்களில் அது தனித்த தடமாகத் தெரிவதில்லை. 2012இல் நகோயாவின் ஃபுசா மியாகே, யாக்குத் தீவுச் சீடர் வளையங்களில் 774க்கும் 775க்கும் இடையே கார்பன்-14 ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு தாவியதைக் கண்டார். எண்ணில் பார்த்தால் ஒன்று நாற்பது மடங்கு, மற்றது ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். உண்மையில் 774ஆம் ஆண்டு நிகழ்வு 1956ஐவிடப் பல பத்து மடங்கு பெரியது. கணத்தை அளப்பவருக்கும் கையிருப்பை அளப்பவருக்கும் ஒரே எண் ஒரே பொருள் தராது.

அந்தத் தாவல் எதனால் என்பதை மரத்தால் தனியே சொல்ல முடியவில்லை. காமாக் கதிர் வெடிப்பு வரை பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. துருவப் பனியில் படிந்த பெரிலியம்-10, குளோரின்-36 ஆகியவற்றின் விகிதத்தைக் கண்டு, அதை 1956, 2005 போன்ற ஆண்டுகளில் மானிகள் பதிந்த சூரிய வெடிப்புகளின் ஆற்றல் பரவலோடு வைத்துப் பார்த்தபோதுதான் சூரியன் அகப்பட்டது. மரம் குற்றத்தின் அளவைச் சொன்னது. குற்றவாளியின் நடையை மானியே அறிந்திருந்தது. கைம்மாறாக மரம் ஓர் எச்சரிக்கையைத் தந்தது: மானிகள் எழுபது ஆண்டுகளில் கண்டவை சூரியனின் முழு வலிமை அல்ல. 993ஆம் ஆண்டில் மற்றொரு தாவல் உண்டு. அதிலிருந்து பட்டைவரை எண்ணியே நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங்குகள் மரம் வெட்டிய ஆண்டு 1021 என்று 2021இல் முடிவாயிற்று. லிப்பியின் கடிகாரம் தன் கோளாற்றைக் கொண்டே துல்லியமாயிற்று.

இத்தனை நெருங்கிய உறவினர் ஒரே நிகழ்வை ஒருமுறைகூடத் தெளிவாகச் சேர்ந்து பார்த்ததில்லை என்பதே விந்தை. மானிகள் பரவத் தொடங்கிய அதே 1950களில் அணுகுண்டுச் சோதனைகள் காற்றைக் கார்பன்-14ஆல் நிறைத்தன. 1963-64இல் வட அரைக்கோளத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. நிலக்கரியும் எண்ணெயும் அதற்கு முன்பிருந்தே எதிர்த்திசையில் அதை நீர்க்கச் செய்துகொண்டிருந்தன. ஒரு சாட்சி கண் திறந்த வேளையில் மற்றொரு சாட்சியின் கண்ணில் மண் விழுந்தது. இருவரையும் இணைக்க இன்றுவரை பனிப்படிவமும் கணினி மாதிரியுமே இடைத்தரகர்.

குண்டுக் கார்பன் இப்போது கடலிலும் காட்டிலும் கரைந்து, காற்றின் விகிதம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவுக்கே இறங்கிவிட்டது. எரிபொருட்கள் அதை ஆண்டுதோறும் இன்னும் கீழே இழுக்கின்றன. ஆனால் அந்த இறக்கம் சீரானது, 774 அளவிலான தாவலை மறைக்கும் அளவுக்குப் பெரியதும் அல்ல. அப்படி ஒன்று நேர்ந்தால் ஔலு சில நிமிடங்களில் சொல்லும், மரங்கள் சில ஆண்டுகளில் எழுதும். வளையத்தின் பன்னிரண்டு பங்கு மானியின் எத்தனை துடிப்புக்கு ஈடு என்பதை முதன்முறையாக நேரே அளக்கலாம். செயற்கைக்கோள்களை இயக்குவோர் மட்டும் இந்த ஒப்பாய்வு இன்னும் சில நூற்றாண்டுகள் தள்ளிப்போகட்டும் என்றே விரும்புவார்கள்.