ஜாமீன்தாரர் முதல் நன்னடத்தை அலுவலர் வரை

1841-இல் பாஸ்டன் காவல் நீதிமன்றத்தில், குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒருவருக்கு ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளி ஜாமீன் நின்றார். மூன்று வாரம் கழித்து, ஆள் அடையாளமே தெரியாதபடி திருந்திய நிலையில் அந்த மனிதரைத் திரும்ப அழைத்து வந்தார். நீதிபதி சிறைக்கு அனுப்பவில்லை. ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் கட்டச் சொன்னார். எங்கள் நன்னடத்தைத் துறை அந்தச் செருப்புக் கடையிலிருந்து பிறந்தது என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்குப் பெருமைதான்.

இந்தியாவில் 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 562-ஆம் பிரிவே, முதல் குற்றவாளியைப் பிணைப்பத்திரத்தில் விட இடம் கொடுத்தது. விட்ட பிறகு அவரை யார் பார்த்துக்கொள்வது? அந்தப் பிரிவில் பதில் இல்லை. சென்னை மாகாணம் 1936-இல் தனக்கென நன்னடத்தைச் சட்டம் கொண்டுவந்து அந்தக் குறையைத் தீர்த்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1958-இல்தான் வந்தது. அந்தச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாதபோது, தக்க காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பக் கூடாது. அதற்குமுன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டாக வேண்டும்.

அந்த அறிக்கை மேசையில் உட்கார்ந்து எழுதுவதல்ல. பஸ் இறங்கி, டீக்கடையில் வழி கேட்டு, வீட்டுத் திண்ணையில் தாயாரிடம் பேச வேண்டும். படிப்பு எந்த வகுப்போடு நின்றது, ஏன் நின்றது, சேர்க்கை யாரோடு, வேலை கொடுக்க ஊரில் ஆள் உண்டா என்றெல்லாம் கேட்க வேண்டும். முதல் தடவை போனால் பாதிப் பொய்தான் கிடைக்கும். பக்கத்து வீட்டார் மீதி உண்மையைச் சொல்வார்கள், சில சமயம் கொஞ்சம் கூட்டியும். பரோல் என்று ஊரார் சொல்லும் சிறை விடுப்புக்கும், ஆயுள் சிறைவாசியின் முன்விடுதலைக்கும் இதே நடைதான். பாதிக்கப்பட்ட குடும்பம் அதே தெருவில் இருந்தால், அங்கும் போய்க் கேட்டே ஆகவேண்டும். எங்கள் வேலையில் மிகக் கடினமான வாசற்படி அதுதான்.

நன்னடத்தையில் விடப்பட்டு எங்கள் மேற்பார்வையில் இருப்பவருக்கு வேலை தேடித் தர முயல்வதும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி எங்கள் கடமை. கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவதை மேற்பார்வை என்று நான் ஒப்பமாட்டேன். கூலி வருகிற கை பழைய கூட்டத்தைத் தேடிப் போவது குறைவு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு. குற்றமே நடக்கவில்லை என்று அதற்குப் பொருளல்ல. அரசு ஊழியர்மீது துறை நடவடிக்கை வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1975-இலேயே சொல்லிவிட்டது. இருந்தாலும் இளைஞர் ஒருவருக்கு 12-ஆம் பிரிவு பெரிய வாசல். இதைப் படிக்கும் வழக்கறிஞர்கள், தீர்ப்பு நாளன்றே கட்சிக்காரரிடம் இந்தப் பிரிவை விளக்கிச் சொல்ல வேண்டுகிறோம். பட்டறையோ கடையோ வைத்திருப்பவர்கள், ஒரே ஒருவருக்காவது வேலை கொடுங்கள். உங்கள் மாவட்ட நன்னடத்தை அலுவலரிடம் சொன்னால் போதும்.